நீலப் புத்தகங்களும் எங்கட பழைய முகப்புகளும்

பலெர்மோவில் வீட்டு வேலைக்குப் போகிற எங்கட சனத்துக்கு அந்தப் புத்தகங்களை நல்லாய்த் தெரியும். கைக்குள் அடங்குகிற சின்னப் புத்தகம், கடும் நீல அட்டை, நடுவில் முத்திரை ஒட்டினது மாதிரி ஒரு சிறு படம். சட்டத்தரணி வீடென்றாலும் சரி, ஓய்வுபெற்ற ரீச்சர் வீடென்றாலும் சரி, அலுமாரியில் ஒரு தட்டாவது நீலமாய் நிற்கும். கிழமைக்கு ஒருக்கால் தூசி தட்டி, எடுத்த ஒழுங்கிலேயே திரும்ப அடுக்கி வைக்கிறோம். வயோதிபரைப் பார்க்கிற வேலை என்றால், கட்டிலுக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக்குக் கீழே அதில் ஒன்று குப்புறக் கிடக்கும். இவ்வளவு கிட்ட இருந்தும், இது யார் போடுகிற புத்தகம், ஏன் எல்லாம் ஒரே நீலம் என்று எங்களில் கேட்டவர்கள் குறைவு. மறுமொழி இந்த ஊரிலேயே இருக்கிறது.

1969ஆம் ஆண்டு எல்வீரா ஜோர்ஜான்னி என்ற பெண்மணி தனது அரசாங்க உத்தியோகத்தை விட்டு, அதனால் கைக்கு வந்த பணத்தைப் போட்டு, கணவர் என்ஸோ செல்லேரியோவுடன் சேர்ந்து பலெர்மோவில் ஒரு பதிப்பகம் தொடங்கினார். எழுத்தாளர் லியொனார்தோ ஷாஷாவும் மானிடவியலாளர் அந்தோனினோ புத்தித்தாவும் பக்கத்தில் நின்று ஊக்கம் கொடுத்தவர்கள். இத்தாலியின் பெரிய பதிப்பகங்கள் மிலானோவிலும் தொரினோவிலும் இருந்த காலம் அது. சிசிலியில் இருந்து கொண்டு நாடு முழுவதற்கும் புத்தகம் போடுவது என்பது, சுன்னாகத்தில் இருந்து கொண்டு சென்னைக்குப் புத்தகம் விற்கப் பார்க்கிறது மாதிரி. ஆனாலும் போட்டார்கள். கொல்லப்பட்ட முன்னாள் பிரதமர் அல்தோ மோரோவைப் பற்றி ஷாஷா எழுதிய நூல் 1978இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. அடுத்த வருடம், 1979இல், 'லா மெமோரியா' என்ற நூல்வரிசை ஆரம்பமானது. ஞாபகம் என்று பொருள். அந்த வரிசைதான் நாங்கள் தூசி தட்டுகிற நீலம்.

அட்டையை அமைத்தவர் என்ஸோ செல்லேரியோ. அவர் ஓவியரல்ல, படப்பிடிப்பாளர். கல்சா பகுதியில் சின்னப் பெடியள் சுவரோடு ஒருவனை நிற்க வைத்துச் சுட்டுக் கொல்லுகிற விளையாட்டு விளையாடுவதை அவர் 1960இல் எடுத்த படம் உலகப் பிரசித்தம். எங்கட ஊரில் பிறந்த எவரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர ஏலாது. படத்தின் பலம் இவ்வளவு தெரிந்த ஒருவர்தான் புத்தக அட்டையில் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே ஆசிரியர் பெயர், புத்தகத்தின் பெயர், நடுவே படம், அடியில் 'செல்லேரியோ எதித்தோரே பலெர்மோ'. அவ்வளவும்தான். மிச்சமெல்லாம் நீலம்.

இதில் அழகு மட்டுமில்லை, கணக்கும் இருக்கிறது. எல்லாப் புத்தகமும் ஒரே அளவு என்றால் கடதாசி வெட்டுவதில் கழிவு குறையும். அட்டைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாய் ஒருவரைப் பிடித்துக் கீறுவிக்கிற செலவில்லை. கடையில் பத்தடி தூரத்தில் நின்றே ஆள் இனம் கண்டுகொள்ளும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஒருவருக்கும் தெரியாத எழுத்தாளரின் முதற் புத்தகமும், நூறு வருடத்துக்கு முந்தி எழுதி மறந்துபோன ஒருவரின் புத்தகமும், ஷாஷாவின் புத்தகமும் ஒரே உடுப்போடு தோளோடு தோள் நின்றன. பெரியவர், சின்னவர் என்று அட்டை பேதம் காட்டவில்லை. அறுபது வயதில் முதல் நாவலைக் கொண்டு வந்த ஜெசுவால்தோ புஃபாலினோவுக்கு 1981இல் கம்பியெல்லோ பரிசு கிடைத்ததும், 1994இல் அந்திரேயா கமிலேரியின் முதல் மொந்தல்பானோ கதை வந்ததும் இந்தப் பதிப்பகத்திலிருந்துதான். ரெலிவிஷனில் மொந்தல்பானோ பார்க்காத தமிழ் வீடு பலெர்மோவில் இருக்காது; அது முதலில் நீல அட்டைக்குள் இருந்த கதை. எல்வீரா 2010இலும் என்ஸோ 2012இலும் காலமானார்கள். வரிசை நிற்கவில்லை. 2015இல் ஆயிரமாவது இலக்கம் எல்வீராவின் ஞாபகமாக வந்தது. பதிப்பகம் இருக்கிற வியா சிராக்கூசாத் தெருவுக்கு இப்போது அவர்கள் இருவரது பெயரும் வைத்திருக்கிறார்கள்.

செல்லேரியோ அட்டையில் சிறிதென்றாலும் ஒரு படம் உண்டு. அதையும் எடுத்துவிட்டு, எழுத்தை மட்டும் நம்பி அட்டை போட்டவர்கள் ஐரோப்பாவில் பலர். பாரிசில் கலிமார் பதிப்பகத்தார் 1911 தொடக்கம் இலக்கிய நூல்களுக்குப் போடுகிற அட்டை வெளிறிய பால் நிறம். சுற்றிவர ஒரு கறுப்புக் கோடு, இரண்டு சிவப்புக் கோடு, நடுவில் எழுத்து. நூறு வருடம் கடந்தும் அதை மாற்றவில்லை. இத்தாலியில் போர் முடிந்து சனம் வறுமையில் இருந்தபோது, 1949இல், ரித்சோலி பதிப்பகம் ஒரு மலிவு வரிசை தொடங்கியது. சாம்பல் நிறத் தாள் அட்டை, எழுத்து மட்டும். கதீட்ரலுக்குப் பின்னாலுள்ள பழம்பொருட் சந்தைப் பக்கம் போகிறவர்கள் கண் வைத்துப் பார்த்தால் இந்தச் சாம்பல் புத்தகங்கள் இன்றைக்கும் அகப்படும். அடுத்ததாக 1964இல் தொரினோவின் எயினாவ்தி பதிப்பகம் கவிதை வரிசை ஒன்று தொடங்கியபோது, புரூனோ முனாரி என்ற கலைஞர் செய்த வேலையைச் சொல்ல வேணும். வெள்ளை அட்டை. அதில் படமுமில்லை, அலங்காரமுமில்லை. உள்ளே இருக்கிற கவிதையின் சில வரிகளையே எடுத்து அட்டையில் அச்சடித்தார். புத்தகத்தைத் திறக்க முதலே வாசிப்புத் தொடங்கிவிடும். கவிதைக்கு இதைவிடப் பொருத்தமான அட்டை எனக்குத் தெரிய இல்லை.

இங்கிலாந்தின் பென்குவின் புத்தகங்களை எங்கட மூத்த தலைமுறை நல்லாய் அறியும். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த வீடுகளில் அவை இருந்தன. 1935 யூலை 30இல் முதல் பத்து நூல்கள் வந்தன. விலை ஆறு பென்ஸ், அப்போதைய பத்து சிகரட்டின் விலை. அட்டையில் மூன்று பட்டி: மேலும் கீழும் நிறம், நடுவே வெள்ளை. நாவலுக்குச் செம்மஞ்சள், துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்குக் கருநீலம். எட்வர்ட் யங் என்ற இளைஞர் அமைத்தது. பறவையை வரைய அவரை மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பினார்களாம். ஆனால் அந்த அட்டைக்கு ஒழுங்கு கொடுத்தவர் அவருக்குப் பிறகு வந்த ஒரு அகதி. அவரைப் பற்றி எங்கட மலரில் நாலு வரி கூடுதலாக எழுதுவது நியாயம்.

யான் சிசோல்ட் 1902இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். தகப்பன் பெயர்ப்பலகை எழுதுகிறவர். மகன் எழுத்துக்களோடேயே வளர்ந்தார். 1928இல் புதிய அச்சமைப்பு முறை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பழைய நடு ஒழுங்கைத் தூக்கியெறி, எழுத்தை ஒரு பக்கமாய் நிறுத்து, அலங்காரத்தை விடு என்று அதில் அடித்துச் சொன்னார். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் இவர் கையாண்ட பாணியே குற்றமாயிற்று. பிடித்துக்கொண்டுபோய்ச் சில கிழமைகள் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்ததும் மனைவியையும் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு சுவிசுக்குத் தப்பினார். குடியுரிமை கிடைத்தது 1942இல். ஒன்பது வருடக் காத்திருப்பு எப்படியிருக்கும் என்று சொஜோர்னோவுக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1947இல் பென்குவின் அவரை லண்டனுக்கு அழைத்தது. இரண்டரை வருடத்துக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட புத்தகங்களின் முகத்தைச் சீர்செய்தார். புதிதாய் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கண்ணால் பார்த்துச் சமப்படுத்தினார். கோடு எவ்வளவு தடிப்பு, பெயருக்கும் கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று ஒழுங்கு வைத்தார். நாலு பக்கத்தில் அச்சுக்கோப்பு விதிகள் எழுதி அச்சகங்களுக்கு அனுப்பினார். 'உது எங்களுக்குத் தெரியாதோ' என்று முணுமுணுத்த பழைய தொழிலாளர்களோடு மல்லுக்கட்டினார். இதற்கிடையில் அவருடைய கொள்கையும் மாறியிருந்தது. இளமையில் தான் வற்புறுத்திய 'இப்படித்தான் செய்ய வேணும்' என்ற பிடிவாதத்துக்கும் தன்னைத் துரத்தினவர்களுடைய மனப்பான்மைக்கும் உறவிருக்கிறது என்று 1946இல் வெளிப்படையாகவே எழுதினார். பிறகு நடு ஒழுங்குக்கே திரும்பினார்: மேலே ஆசிரியர், கீழே பெயர், அடியில் பதிப்பகம், எல்லாம் ஒரே நடுக்கோட்டில், சுற்றிவர வெறுமை.

நடுக்கோட்டில் வரிகளை ஏற்றி இறக்கி நிறுத்துகிற அந்த வேலை எங்களுக்குப் புதிதல்ல. சிசோல்ட் பிறக்க அரை நூற்றாண்டுக்கு முதலே வண்ணார்பண்ணை அச்சுக்கோப்பாளர்களின் கைப்பழக்கமாக அது இருந்தது.

தமிழ் அச்சேறிய கதை சுருக்கமாய்: 1578இல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலை அச்சிட்டார். இந்திய மொழிகளில் அந்த மொழியின் எழுத்திலேயே அச்சான முதல் நூல் அதுதான். அவரே 1586இல் அச்சிட்ட அடியார் வரலாறு ஒன்றின் பிரதி இத்தாலிக்குள்ளேயே, வத்திக்கான் நூலகத்தில், இருக்கிறது. அதைத் தேடி வெளிக்கொணர்ந்தவர் எங்கட நெடுந்தீவுத் தகப்பனின் மகன் தனிநாயகம் அடிகள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்ட இரட்டைக் கொம்பு கொண்டு வந்த வீரமாமுனிவரும் வட இத்தாலிக்காரர்தான். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் தமிழ்ப் புத்தகத்துக்கு ஒரு நிலையான முகம் ஏற்பட்டது 19ஆம் நூற்றாண்டில்; அதில் யாழ்ப்பாணத்துக்குப் பெரிய பங்குண்டு.

அமெரிக்க மிசன் 1830களில் மானிப்பாயில் அச்சகம் நடத்தியது. 1841இல் 'உதயதாரகை' அங்கிருந்து வந்தது. அதற்கு ஈடாகச் சைவத்தின் பக்கம் அச்சகம் வேணுமென்று ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் வித்தியானுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் வந்தன. பிறகு சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று ஏட்டிலிருந்ததை அச்சுக்குக் கொண்டு வந்தார்.

அந்தக் காலத்து நூலொன்றின் முகப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உச்சியில் தனியே ஒரு பிள்ளையார் சுழி. அதன் கீழே சின்ன எழுத்தில் கணபதி துணை அல்லது சிவமயம். பிறகு நூலின் பெயர், அச்சகத்தில் இருந்த ஆகப் பெரிய எழுத்தில். கீழே 'இஃது' என்ற ஒற்றைச் சொல் தனி வரியில் நிற்கும். அதற்குக் கீழே ஆசிரியர், உரைகாரர், ஏட்டுப் பிரதிகளை ஒப்பு நோக்கிப் பரிசோதித்தவர், பொருளுதவி செய்தவர், அச்சகம், ஊர், வருடம். அகல வரி, ஒடுங்கிய வரி, திரும்ப அகல வரி என்று, நீரில் விழுந்த கோபுர நிழல் மாதிரி வடிவம் இறங்கும். ஒரு படமும் இல்லை. ஆனால் பார்த்தவுடன் எது பெயர், எது ஊர் என்று தெரியும். எழுத்தின் பருமனும் வெற்றிடமுமே அதைச் சொல்லும். இதே முகப்பைத்தான் பச்சை, ரோசா, மஞ்சள் நிறத் தாளில் இன்னொருமுறை அடித்து மேலட்டையாகச் சுற்றுவார்கள். சுற்றிவரப் பூ வார்ப்புக்களால் கரை கட்டுவார்கள். பின்னட்டையில் விற்பனைக்குள்ள நூல்களும் விலையும்.

அச்சுக்கோப்பாளர் இதற்குப் படிப்புப் படித்தவரல்ல. பெட்டியில் மூன்று நாலு பருமனில் ஈய எழுத்து இருக்கும். பெரிய எழுத்தில் சில எழுத்துக்கள் குறைவாயிருக்கும். அப்படியென்றால் அந்தச் சொல்லை அடுத்த பருமனில் கோக்க வேண்டும். வரியை எங்கே முறிப்பது என்பதை அவர்தான் தீர்மானிப்பார். பட்டப்பெயரை ஒரு வரியிலும் பெயரை அடுத்த வரியிலும் விடுவார்; பெயரை நடுவில் முறிக்க மாட்டார். அர்த்தம் எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே வரி முறியும். சிசோல்ட் விதியாக எழுதினதும் இதைத்தான்.

புத்தாண்டு மலர் என்றபடியால் ஒரு விசயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த முகப்புகளில் வருடத்தைப் பெரும்பாலும் பெயரால்தான் குறித்தார்கள். கிறிஸ்து வருட இலக்கம் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. 1887 சித்திரையில் பிறந்தது சர்வசித்து வருடம். அறுபது வருடம் சுழன்று 1947இலும் சர்வசித்து, 2007இலும் சர்வசித்து. பெயர் மட்டும் உள்ள முகப்பு ஒன்று கிடைத்தால் எந்தச் சுற்று என்று தாளையும் எழுத்து வார்ப்பையும் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். முகப்பே கிழிந்துபோனால் அதுவும் இல்லை. நூலகங்களில் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பதிந்து வைப்பது முகப்பில் உள்ள வரிகளைத்தான். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ். பொது நூலகத்தில் 97,000 அளவான நூல்களும் ஏடுகளும் எரிந்தபோது, பலவற்றுக்குப் பட்டியல்களில் இருந்த அந்த நாலைந்து வரிதான் எஞ்சியது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தார் பழைய ஈழத்து நூல்களை அட்டையோடு படம்பிடித்து இணையத்தில் வைத்திருப்பதால், எங்கட பிள்ளைகள் இங்கே இருந்துகொண்டே அந்த முகப்புகளைப் பார்க்கலாம்.

பிறகு படம் வந்தது. படம் போட 'புளொக்' வேணும். நாகத் தகட்டில் அரித்து மரத்தில் அறைந்தது அது. அதற்குத் தனிக் காசு, கொழும்புக்கு அனுப்பினால் காத்திருப்பு வேறு. ஆகவே கனகாலம் படம் என்பது காசுள்ளவர்களுடைய அட்டை. தமிழ்நாட்டு வார இதழ்களின் வண்ண அட்டைகள் வந்து பழகியபின், எழுத்து மட்டும் உள்ள அட்டை வறுமையின் அடையாளமாகிப் போனது. 1970களில் இந்தியச் சஞ்சிகை இறக்குமதியைக் கட்டுப்படுத்தினபோது ஈழத்துப் பதிப்பு முயற்சிகள் பெருகின. வீரகேசரிப் பிரசுரங்கள் வண்ணப்பட அட்டையோடு வந்தன. ரமணி, மாற்கு போன்ற ஓவியர்களின் கோடுகள் யாழ்ப்பாணத்துப் புத்தகங்களுக்கு வடிவு சேர்த்தன. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதே காலத்தில் தமிழ்நாட்டில் கே. எம். ஆதிமூலம் சிறுபத்திரிகைகளின் பெயரை எழுதின விதம், எழுத்தே ஓவியமாக நிற்கலாம் என்று காட்டியது. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழும் படக் கவர்ச்சியை நம்பாமல்தான் நின்றது.

எழுத்து அட்டையைக் கண்டால் எங்கட ஆட்களுக்கு ஒரு பயமும் உண்டு. அது கல்வெட்டு. செத்தவீட்டு முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற நினைவு மலரைத்தான் சொல்கிறேன். கறுப்புக் கரை, நடு ஒழுங்கில் பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி. பத்திரிகையில் மரண அறிவித்தலும் அப்படித்தான். ஆகவே வெறும் எழுத்தும் ஒரு கோடும் போட்ட அட்டையைக் காட்டினால், 'என்ன, ஆரும் மோசம் போட்டினமோ' என்று கேட்பார்கள். இந்தப் பயம் முழுதும் பிழையில்லை. 19ஆம் நூற்றாண்டு முகப்பின் கடைசி வாரிசு கல்வெட்டுத்தான். சாதாரண புத்தகங்கள் அதைக் கைவிட்ட பிறகும் கல்வெட்டு கைவிடவில்லை. எங்கட வம்சாவழி, ஊர், தேவாரம் எல்லாம் பத்திரமாய் இருப்பதும் அதற்குள்தான். ஆனால் கறுப்புக் கரையை எடுத்துவிட்டு, நிறத்தை மாற்றி, எழுத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்தால் அது செத்தவீட்டு அட்டையல்ல.

தேவையே ஒழுங்காகின காலமும் இருந்தது. 1990இல் போர் திரும்ப மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் கடதாசியும் மையும் தட்டுப்பாடு. பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தன. டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை'யும் கொப்பித் தாளில் வந்தது. மின்சாரம் இல்லையென்றால் காலால் மிதிக்கிற அச்சு யந்திரம். புளொக் செய்ய வழியில்லையென்றால் கையில் உள்ள எழுத்து. அந்த வருடங்களில் அச்சான புத்தகமொன்று கையில் அகப்பட்டால், கோட்டுக்கு மேல் ஓடுகிற எழுத்தைப் பாருங்கள். சிறுபிள்ளையின் கொப்பியும் பெரியவர்களின் கவிதையும் ஒரே தாளில். அதை விலைகொடுத்து வடிவமைக்க ஏலாது.

இனி எங்கட வேலைக்கு வருவோம். ஒவ்வொரு சித்திரைக்கும் மலர்க்குழுவில் அட்டைக் கதை வரும். குத்துவிளக்கு, நிறைகுடம், மயில், பனை, பொங்கல் பானை, பின்னால் சூரியன், எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாய் ஏற்றி, அதற்கு மேல் மூன்று நிறத்தில் நிழல் விழுந்த எழுத்து. தமிழ் எழுத்துருக்கள் கைக்கு வந்த காலத்தில் அந்த ஆசை விளங்கக்கூடியது. 1990களில் லோசானில் இருந்து கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாய்க் கொடுத்தார். எங்கட சஞ்சிகைகள் அனேகமாய்ப் 'பாமினி'யில் வந்தன. அதுவரை தட்டச்சிலும் கையெழுத்திலும் மலர் போட்டவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் எழுத்தை இழுக்கவும் சரிக்கவும் பெருப்பிக்கவும் முடியும் என்றபடியால் எல்லாவற்றையும் செய்தோம். அதில்தான் எழுத்து கெட்டது.

இத்தாலி எழுத்துக்குப் பொருந்துகிற எல்லாம் தமிழுக்குப் பொருந்தாது. அவர்களுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு உண்டு. 1501இல் வெனிசில் அல்தோ மனூசியோ கொண்டு வந்த சரிவெழுத்தும் உண்டு. தமிழில் இரண்டும் இல்லை. தமிழைச் சரித்தால் அது சரிவெழுத்தாகாது, காற்றில் சாய்ந்த வாழை மாதிரித்தான் இருக்கும். பருமன், தடிப்பு, வெற்றிடம் மூன்றை வைத்துத்தான் நாங்கள் முக்கியத்துவம் காட்ட வேண்டும். அவர்கள் பெரிய எழுத்துக்களை இடைவெளி விட்டு விரித்து வைப்பார்கள், வடிவாயிருக்கும். தமிழில் அப்படி விரித்தால் 'கொ' மூன்று துண்டாய்ப் போகும். கொம்பு ஒரு பக்கம், ககரம் நடுவில், அரவு ஒரு பக்கம். பிள்ளை அதை 'கெ' என்று தொடங்கிப் பிறகு திணறும். ஆகத் தடித்த எழுத்தைப் பிடித்தால் 'ண', 'ஞ' போன்றவற்றின் வயிறு அடைந்து கறுப்புக் கட்டியாகும். வரிக்கு வரி இடம் குறைந்தால் மேல் வரி 'மூ'வின் வால் கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும். பழைய அச்சுக்கோப்பாளர் வரிகளுக்கிடையில் ஈயத் தகடு செருகினது இதற்காகத்தான்.

இன்னொன்று. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்து ணை, லை, னை, றா, னா முதலியவற்றின் வடிவை மாற்றியது. எங்கட அச்சகங்களில் பெட்டியில் கிடந்தது பழைய வார்ப்பு, தும்பிக்கை வைத்த 'லை'. அது தேயும்வரை பாவித்தார்கள். இங்கே பிறந்த பிள்ளைக்கு அம்மப்பாவின் புத்தக அட்டையைக் காட்டினால் அந்தத் தும்பிக்கையில் முட்டுப்பட்டு நிற்கும். அது பிழையல்ல, தமிழ்தான் என்று சொல்லிக் கொடுக்க அட்டையைவிட நல்ல பாடம் இல்லை. எங்கட பிள்ளைகள் நீலப் புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்காக வாசிக்கிறார்கள். தாய் தூசி தட்டின புத்தகத்தை மகள் வாசித்துவிட்டுக் கதை சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அதே பிள்ளை 'ழ'வையும் 'ள'வையும் பிரிக்கக் கஷ்டப்படுகிறாள். படம் போட்ட அட்டையில் அவள் மயிலைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவாள். எழுத்து மட்டும் நிற்கிற அட்டையில் பார்ப்பதற்கு எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஆகையால் இந்த மலருக்கு நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு நிறத் தாள். நீலம் வேண்டாம், அது ஊராருடையது. எங்கட பழைய அட்டைகளின் மஞ்சள் நல்லது. ஒரு எழுத்துரு, இரண்டு பருமன், ஒரு மை. பிள்ளையார் சுழி உச்சியில் தனியே நிற்கட்டும். சங்கத்தில் வேதக்கார வீடுகளும் இருப்பதால் அதைப் பற்றிக் கதைத்து முடிவெடுப்பம். 'சித்திரைப் புத்தாண்டு' ஒரு வரி, 'மலர்' அடுத்த வரி. சொல்லை நடுவில் முறிக்கக் கூடாது. வருடப் பெயரைப் போடுங்கோ, பக்கத்தில் இலக்கத்தையும் போடுங்கோ. அடியில், செல்லேரியோக்காரர் போடுகிற இடத்திலேயே, தமிழ் எழுத்தில் 'பலெர்மோ'. அச்சகத்தாருக்கு அது புதிதாயிருக்கும். மாறி ஒட்டிவிடாமல் ஒருவர் போய்ப் பக்கத்தில் நிற்க வேணும்.